ஜெபக் குறிப்பு நோட்டும் என் வாயும்

சாமு கண்ணு, கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நீ அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருப்பேன்னு எனக்குத் தெரியும். பசை போட்டு ஒட்டி, அதுக்கு மேல செல்லோடேப்பை ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன். உங்கப்பா பார்த்துட்டு, என்ன ஓட்டுப் பெட்டியா அனுப்பறேன்னு கேட்டார். கேட்டுட்டுப் போகட்டும். இதையெல்லாம் ஃபோன்லயே சொல்லலாம்தான். ஆனா ஃபோன்னா நீ "நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, வெச்சிடறேம்மா"ன்னு மூணே பேச்சுல முடிச்சிடுவ. ஆறு வருஷமா நான் கேட்டுக்கினு இருக்கறது அதே மூணுதான். கடுதாசின்னா உன்னால பாதியில வெச்சிட முடியாது, வெச்சாலும் அது அங்கேயே கெடக்கும், மறுபடி எடுத்துப் படிப்ப. நாளைக்கு ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல உன் கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிக்கறாங்க. உன் பேரையும் அவ பேரையும் சபை முன்னாடி படிச்சு, தடை சொல்றவங்க இருந்தா சொல்லுங்கன்னு மூணு வாரம் கேப்பாங்க. மூணு வாரத்துக்கும் நீ வரமாட்டேன், கல்யாணத்தன்னைக்குத்தான் வருவேன்னு சொல்லிட்ட. ஏன்னு நான் கேக்கல. ஏன்னு எனக்குத் தெரியும், அதைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

நீ எப்படிப் பொறந்தேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். இன்னொரு தடவையும் கேட்டுக்கோ, ஏன்னா எல்லா வம்பும் அங்கதான் ஆரம்பிச்சுது. கல்யாணமாகி எட்டு வருஷம் எனக்குக் கொழந்தை இல்ல. அப்பல்லாம் நான் வாயே தொறக்காத பொம்பள. நீ சிரிப்ப, ஆனா நெசம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவேன், தூணுக்குப் பின்னாடி உக்காருவேன், எழுந்து வந்துடுவேன். ஒருநாள் ஜெபக் குறிப்பு வாசிக்கற அம்மா, வேற யாருக்காவது ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, எழுந்து நின்னு, எனக்கு ஒரு புள்ள வேணும்னு சொல்லிட்டு அழுதுட்டேன். நாப்பது பொம்பளைங்க என்கூட சேர்ந்து அழுதாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் பேரை வாசிச்சு ஜெபம் பண்ணாங்க. ஒண்ணரை வருஷத்துல நீ வந்த. பெத்தது நான், கேட்டு வாங்கினது நாப்பது பேர். உன் ஞானஸ்நானத்தன்னைக்கு உன்னைத் தூக்கறதுக்கு வரிசையில நின்னாங்க, எனக்கே கடைசியிலதான் உன்னைக் குடுத்தாங்க. அன்னைக்கு என் மனசுல ஒண்ணு பதிஞ்சுது. வாயைத் தொறந்து சொன்னா கெடைக்கும், மூடி வெச்சா ஒண்ணும் கெடைக்காது. குறிப்பு வாசிக்கற அந்த அம்மா மக வீட்டோட விழுப்புரம் போனப்ப, குறிப்பு எழுதற நோட்டு என் கைக்கு வந்துச்சு. இருபத்தஞ்சு வருஷமா என் கையிலதான் இருக்கு.

அந்த நோட்டைப் பத்தி உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. செவப்பு அட்டை போட்ட நீட்டு நோட்டு, தேதி, பேரு, குறிப்பு, கடைசியில ஒரு சின்னக் கட்டம். ஜெபம் கேக்கப்பட்டா அந்தக் கட்டத்துல பச்சை மையில டிக் போடுவேன். கள்ளக்குறிச்சியில பேப்பர் வாங்காத வீடு உண்டு, என் நோட்டுல ஏறாத வீடு நம்ம சபையில இல்ல. புறம் பேசறது பாவம்னு போதகர் பிரசங்கம் பண்ணுவார், நாங்க எல்லாரும் தலையை ஆட்டுவோம். ஆனா ஜெபக் குறிப்பு சொல்றது பாவம் இல்லையே. புருஷன் பொஞ்சாதி சண்டைன்னா ‘குடும்ப சமாதானத்துக்காக’ன்னு எழுதுவேன். குடிச்சிட்டு விழுந்து கெடந்தா ‘சகோதரரின் விடுதலைக்காக’. பொண்ணு பார்க்க வந்தவங்க பஜ்ஜியைத் தின்னுட்டுப் பதில் சொல்லாம இருந்தா ‘ஏற்ற வேளைக்காக’. படிக்கறது இவ்வளவுதான், ஆனா அத்தனை பேருக்கும் முழுக்கதையும் தெரிஞ்சிடும். ஜெபம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப மிச்சமும் தெரிஞ்சிடும். நான் கெட்ட எண்ணத்துல ஒரு வரி எழுதினதில்ல சாமு. எல்லாருக்காகவும் மனசாரத்தான் ஜெபம் பண்ணேன். அதே சமயம், அடுத்து என்ன சொல்லப் போறேன்னு நாப்பது பேர் என் மூஞ்சியைப் பார்க்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதை இப்பத்தான் ஒத்துக்கறேன்.

உனக்கு எட்டு வயசுல நீ படுக்கையை நனைச்சுக்கினு இருந்த. அதையும் கொண்டு போய் நோட்டுல ஏத்தினேன். இப்ப நெனச்சா எனக்கே கூசுது. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றோம், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் கோயில் கேட் பக்கத்துல நின்னு, ஊரே கேக்கற மாதிரி, "இன்னா தம்பி, காய்ஞ்சுதா?"ன்னார். மூப்பர் ஒருத்தர் உன் தலையில கை வெச்சு ஜெபமே பண்ணார், எதுக்கு ஜெபம்னு வெளக்கமா சொல்லி. அந்த மாசத்தோட உனக்கு அது நின்னுபோச்சு. ஜெபத்தால நின்னுச்சுன்னு நான் சாட்சி சொன்னேன், பச்சை டிக்கும் போட்டேன். வெக்கத்துல நின்னுச்சுன்னு உங்கப்பா சொன்னார். கரும்பு ஆலையில வேலை பார்த்த மனுஷன், அளந்துதான் பேசுவார், அன்னைக்கு அவர் சொன்னதுக்காக நாலு நாள் அவர்கூட நான் பேசல. அதுக்கப்புறம் நீ கோயில்ல கடைசி பெஞ்சுக்குப் போயிட்ட. வளர்ந்துட்டான், பசங்களோட உக்கார்றான்னு நெனச்சேன்.

அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. சென்னையில வேலை கெடைச்சு, ஆர்டரைக் கையில வெச்சுக்கினு நீ சமையக்கட்டுக்கு வந்த. நான் வாழைப்பூ ஆஞ்சுக்கினு இருந்தேன். பக்கத்துல உக்காந்து நீயும் ரெண்டு பூவை எடுத்து நரம்பைக் கிள்ளிக்கினே, நம்ம சபையில போதகருக்கு அடுத்தபடியா இருக்கற உபதேசியார் பொண்ணு லீதியாளை உனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்ன. அவளுக்கும் சம்மதம்தான், அவங்கப்பாகிட்ட நானே போய்ப் பேசணும், ஒரு மாசம் பொறுத்துக்கோம்மா, யார்கிட்டயும் சொல்லாதன்னு கேட்ட. நானும் சத்தியம் பண்ணேன். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் நீயா வந்து என்கிட்ட ஒண்ணு சொல்ற, எனக்குத் தலைகால் புரியல. நாலு நாள் அதைக் காப்பாத்தினேன். அஞ்சாவது நாள் வெள்ளிக்கிழமை.

பேரு சொல்லலையே, பேரு சொல்லாம சொன்னா அது சொன்னது ஆகாதுன்னு எனக்கு நானே ஒரு நியாயம் வெச்சிருந்தேன். எல்லாக் குறிப்பையும் வாசிச்சு முடிச்சு, கடைசியில எழுதாததை வாயாலயே வாசிச்சேன். ஒரு சகோதரி தன் மகனுக்காகக் கேட்கிறார்கள், அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, நம் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிற, ஊழியக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை விரும்புகிறான், அந்தத் தகப்பனாரின் இருதயத்தைக் கர்த்தர் இளக வைக்க வேண்டும். இதுதான் நான் சொன்னது. ரெண்டாம் குரல் பாடறவங்க மூணே பேர். ஒருத்திக்கு அறுவது வயசு, இன்னொருத்திக்கு ரெண்டு கொழந்தை. அன்னைக்குக் கூட்டத்தை நடத்தினதே உபதேசியார்தான். கண்ணை மூடிக்கினு கேட்டுக்கினு இருந்த மனுஷன், எல்லாரையும்விட சத்தமா ஆமென் சொன்னார். சொன்ன அப்புறம்தான் அவருக்கு உறைச்சுது. கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தார், அவர் சம்சாரம் செல்வராணியைப் பார்த்தார், வேதத்தை மூடினார், செருப்பை மாட்டிக்கினு போயிட்டார். அந்த மாசமே லீதியாளை மலையில ஒரு உறைவிடப் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேர்த்துட்டாங்க. நீ மறுநாள் சனிக்கிழமையே பஸ் ஏறிட்ட. பஸ் ஸ்டாண்டுல நான் ஆயிரம் சமாதானம் சொன்னேன். நீ ஒண்ணே ஒண்ணுதான் சொன்ன. "அம்மா, நான் உன்கிட்ட சொன்னேன். சபைகிட்ட சொல்லல."

அப்பவும் எனக்குப் புத்தி வரல. தப்பு உன் பேர்லதான்னு கொஞ்ச நாள் நெனச்சேன், அப்புறம் உபதேசியார் பேர்லன்னு நெனச்சேன். செல்வராணிக்கும் எனக்கும் பேச்சு நின்னுபோச்சு. ஒரே ஜமுக்காளத்துல அவ அந்த ஓரம், நான் இந்த ஓரம். அவளுக்கு ஜெபக் குறிப்பு இருந்தா சீட்டுல எழுதி நாலு கை மாத்தி அனுப்புவா. நானும் அதை வேணும்னே எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ரெண்டு பேருமே உபவாசம் இருந்துதான் இவ்வளவும் பண்ணோம்.

இப்ப அஞ்சு வாரத்துக்கு முன்னாடி நீ ஃபோன் பண்ண. கல்யாணம்னு சொன்ன, பொண்ணு லீதியாள்தான்னு சொன்ன, நான் அப்படியே அரிசி மூட்டை மேல உக்காந்துட்டேன். ஓலை வாசிக்கற வரைக்கும் ஒரு ஆளுக்குக்கூடத் தெரியக் கூடாது, லீதியா அவங்கப்பாகிட்ட சொல்லி அவர் ஒத்துக்கிட்டார், அவங்கம்மாவுக்குத் தெரியுமான்னு எனக்கே தெரியாது, நீயா அவங்ககிட்டப் போய்ப் பேசாதன்ன. கடைசியா, ஜெபக் குறிப்புலயும் கூடாதும்மான்னு சொன்ன. நீ அதைக் கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல. கெஞ்சற மாதிரி சொன்ன. அதுதான் என்னைக் குத்திடுச்சு. இந்தத் தடவை வாயைத் தொறந்தா என் புள்ள எனக்கு இல்லன்னு தெரிஞ்சுது.

அந்த அஞ்சு வாரம் நான் பட்ட பாட்டைக் கேளு. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போறப்பவே வாயில ஒரு கிராம்பைப் போட்டு அடக்கிக்குவேன். குறிப்பெல்லாம் வாசிச்சு முடிச்சதும் "என் மகன் சாமுவேலுக்காகவும்"னு சொல்லித்தான் இருபத்தஞ்சு வருஷமா நோட்டை மூடியிருக்கேன். மொத வாரம் அதைச் சொல்லாம மூடினேன், ஏன்னா அந்தப் பேரை எடுத்தா மிச்சமும் கூடவே வந்துடும். ரெண்டாவது வாரம் ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மூணாவது வாரம் வீட்டுக்கே வந்துட்டாங்க, பையனுக்கு ஒண்ணும் இல்லையேன்னு. ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேன். நான் ஒண்ணுமில்லன்னு சொன்னதை என் ஜென்மத்துல யாரும் கேட்டதில்லையா, அதனால விஷயம் ரொம்ப பெருசுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உனக்கு வேலை போச்சுன்னு ஒரு கதை. நீ ஒரு வடநாட்டுப் பொண்ணோட ஓடிட்டன்னு ஒரு கதை. தியாகதுருகத்துல இருந்து வர்ற ஒரு அம்மா, உன்னைப் போலீஸ் புடிச்சிருக்குன்னு உறுதியாவே சொன்னாங்களாம்.

நாலாவது வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா மெதுவா வந்து என் கையில இருந்து நோட்டை வாங்கிட்டாங்க. நம்ம சகோதரியால வெளிய சொல்ல முடியாத ஒரு பாரத்துக்காக இன்னைக்கு ஜெபிப்போம்னு சொல்லி, என்னை நடுவுல உக்கார வெச்சுட்டாங்க. அன்னைக்கு வந்திருந்த முப்பது பேரும் சுத்தி நின்னு, தலையில, தோள்ல, முதுகுல, கை வைக்க எடம் கெடைக்காதவங்க என் முந்தானையைப் புடிச்சுக்கினு ஜெபம் பண்ணாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நெனச்சதுக்காக. ஒரு பக்கம், கர்த்தாவே அந்தப் பிள்ளை எந்தச் சிறையில் இருந்தாலும்னு கேக்குது. இன்னொரு பக்கம், அந்த வடநாட்டுக்காரியின் கண்ணியிலிருந்துன்னு கேக்குது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வருது, அதை அடக்கறதுல தோள் குலுங்குது, பாவம் அழறாங்கன்னு இன்னும் சத்தமா ஜெபம் பண்றாங்க. அந்தக் கூட்டத்துல செல்வராணியும் என் தோள்ல கை வெச்சு, இந்தத் தாயின் வாயைக் காத்தருளும்னு கண்ணீரோட ஜெபிச்சா. குத்திக் காட்டறாடின்னு எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல சிரிப்பும் போச்சு, கோவமும் போச்சு. நோட்டுக்குள்ள இருக்கறதுன்னா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. என்னைச் சுத்தி இருந்தவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் என் மேல பாசம்தான். ஆனா என்னைப் பத்தி அவங்க பேசிக்கினு இருக்காங்க, நான் அங்கேயே உக்காந்திருக்கேன். எட்டு வயசுல உன் தலையில கை வெச்சு அந்த மூப்பர் ஜெபம் பண்ணப்ப நீ தரையையே பார்த்துக்கினு நின்னது ஞாபகம் வந்துச்சு. அப்பவும் நான் வாயைத் தொறக்கல. கிராம்பு கரைஞ்சே போச்சு.

அடுத்த நாள் ரெண்டாவது சனிக்கிழமை, மலை ஊழியம். உனக்குத் தெரிஞ்சதுதான், மாசாமாசம் ஒரு வேன் புடிச்சு, தக்காளி சாதம் கட்டிக்கினு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊருக்குப் போவோம். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு வீடு வீடா போய், உங்களுக்காக என்ன ஜெபம் பண்ணணும்னு கேட்டு எழுதிக்குவோம். பாஸ்டரம்மா அன்னைக்கு வேணும்னே செல்வராணியையும் என்னையும் ஜோடி போட்டு அனுப்பிட்டாங்க. மரவள்ளிக் காட்டு ஓரமா அவ முன்னாடி, நான் பத்தடி பின்னாடி. லீதியா வேலை பார்க்கற பள்ளிக்கூடம் அந்த ஊர்லதான், பொண்ணுக்குக் குடுக்க ஊறுகாய் பாட்டில் ஒண்ணு அவ கையில. போய் நின்ன மொத வீடு சின்னப்பொண்ணு வீடு. சின்னப்பொண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். நம்ம கோயிலுக்கு வந்தவ இல்ல, வரேன்னு சொன்னவளும் இல்ல. போனா பாய் போடுவா, தண்ணி குடுப்பா, ஜெபக் குறிப்பு கேட்டா மட்டும், எனக்கு இன்னா கொற, உங்களுக்கு இருந்தா சொல்லுங்கன்னுடுவா. அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் வெத்தலையை ஒதுக்கிக்கினு, "சம்மந்தி ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்களா, உக்காருங்க"ன்னா.

எந்த சம்மந்தின்னு நான் கேட்டேன். யாருக்கு யாரு சம்மந்தின்னு செல்வராணி கேட்டா. ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சோம். சின்னப்பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கல. மூணு வருஷமா இந்த மலைக்கே தெரியும்னா. நீங்க ரெண்டாவது சனிக்கிழமை வர்றீங்க, உங்க புள்ள நாலாவது சனிக்கிழமை வர்றாரு, கடை முன்னாடி கல்லு மேல உக்காந்து அவரும் டீச்சரும் பேசுவாங்க, பொழுது சாயறதுக்குள்ள வண்டியை எடுத்துக்கினு போயிடுவாருன்னா. ஏன் எங்ககிட்ட சொல்லலன்னு கேட்டேன். "அந்தப் புள்ளைங்க சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிச்சுங்க, சொல்லல. நீங்களும் எங்களுக்கு இன்னா கஷ்டம்னுதான கேப்பீங்க, வேற இன்னா கேட்டீங்க?" மாசாமாசம் மலை ஏறி அவங்க வீட்டு ரகசியத்தை நோட்டுல எழுதிக்கினு வர்றோம், எங்க வீட்டு ரகசியத்தை அவங்க ஊரே எழுதாம வெச்சிருக்கு. செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"ன்னா. ஆறு வருஷத்துல அவ என்கிட்ட பேசின மொத பேச்சு. அவளையும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு மக சத்தியம் வாங்கியிருக்கா. அடக்க முடியாம தெனம் ஆட்டுக்குத் தழை போடறப்ப ஆட்டுக்கிட்ட சொல்லிக்கினு இருந்தாளாம். வாயைக் காத்தருளும்னு ஜெபிச்சது எனக்காக இல்லையாம், அவளுக்காகவாம். உபதேசியார் எப்படிடி ஒத்துக்கிட்டார்னு கேட்டேன். ஒரு வாரம் பேசாம இருந்தாராம், அப்புறம், நான்தான் அன்னைக்கே சபை நடுவுல ஆமென் சொல்லிட்டேனே, அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னாராம். நாங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கினு சிரிச்சோம், பாட்டில் கீழ விழுந்து ஊறுகாயெல்லாம் வாசல்ல கொட்டிப்போச்சு.

அந்தச் சிரிப்போட முடிஞ்சிருந்தா நான் இந்தக் கடுதாசியை எழுதியிருக்கவே மாட்டேன் சாமு. சின்னப்பொண்ணு வாசலைக் கூட்டிக்கினே, "இப்ப நல்லா சதை போட்டுட்டாரு, அப்ப மஞ்சக்காமாலயில எலும்பும் தோலுமால்ல கெடந்தாரு"ன்னா. எந்த மஞ்சக்காமாலன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நாலாவது சனிக்கிழமை நீ வந்தப்ப உனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சாம். லீதியா கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி மாத்திரை வாங்கியிருக்கா. வீட்டுக்குப் போங்கன்னு எவ்வளவோ சொல்லியும் நீ ஒத்துக்கலையாம். நம்ம வூட்லயே இருக்கட்டும்னு சின்னப்பொண்ணு புருஷன் சொல்லி, அந்த உள்ரூம்ல ரெண்டு வாரம் படுத்திருந்தியாம். அவ மோரும் கஞ்சியும் குடுத்துப் பார்த்துக்கிட்டாளாம். சொல்லிட்டுக் கடைசியா, "நீகூட வந்து ஜெபம் பண்ணியேம்மா"ன்னா.

அங்கேயே நோட்டைப் பொரட்டினேன். பக்கம் ஒட்டிக்குது. இருந்துச்சு. சின்னப்பொண்ணு வீடு, ஒரு பையன், மஞ்சள் காமாலை. என் கையெழுத்துதான். பக்கத்துல பச்சை டிக். அடுத்த மாசம் போய்க் கேட்டப்ப தேறிட்டாருன்னு சொன்னா, நானும் டிக் போட்டு, மலையில ஒரு ஏழை வீட்டுப் பையனைக் கர்த்தர் சுகமாக்கினார்னு கோயில்ல சாட்சி சொன்னேன். அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் வந்துச்சு. இத்தனை வருஷத்துல அவ குடுத்த ஒரே ஜெபக் குறிப்பு அது. உடம்பு முடியாதவங்கன்னா உள்ள போய்க் கை வெச்சு ஜெபம் பண்றதுதான் எங்க வழக்கம். உள்ள வரட்டுமான்னு கேட்டேன். தூங்கறாருன்னு அவ சொன்னா. இன்னொரு தடவை கேட்டிருந்தா விட்டிருப்பாளோ என்னவோ. நான் கேக்கல. பசி, வேன்காரன் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிட்டான், தக்காளி சாதம் ஆறிப்போகுது. வாசப்படியில நின்னபடியே, இந்த வீட்டுப் பையனைச் சுகமாக்கும் ஆண்டவரே, ஆமென்னு ரெண்டு வரியில முடிச்சுக்கினு போயிட்டேன். நீ படுக்கையை நனைச்சதுக்கு அரை மணி நேரம் ஜெபம் பண்ணவ. யாரோ பெத்த புள்ளன்னு நெனச்சதும் ரெண்டு வரி.

நீ தூங்கலையாம். சின்னப்பொண்ணு சொல்லிட்டா. என் குரலைக் கேட்டதும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டியாம். எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு மண் செவுரு, ஒரு பழைய பொடவையில தெச்ச திரை. அம்மான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன், மடியில எடுத்துப் போட்டிருப்பேன். உனக்கும் அது தெரியும். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை அது நோட்டுல ஏறும், ஞாயித்துக்கிழமை நூறு பேர் ஃபோன் பண்ணுவாங்க, மலையில உனக்கு என்ன வேலைன்னு லீதியாளையும் இழுப்பாங்க. காய்ச்சல்ல கெடந்துக்கினே இதையெல்லாம் யோசிச்சு, வாயை மூடிக்கினு கெடந்திருக்க. அப்படி யோசிக்க உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். வேற யார் மேலயும் பழி போட முடியல. என்னை மன்னிச்சுடு கண்ணு. படுக்கை விஷயத்துக்கு மன்னிச்சுடு, உன் காதலை எடுத்து வாசிச்சதுக்கு மன்னிச்சுடு, அந்த ரெண்டு வரி ஜெபத்துக்கும் மன்னிச்சுடு.

நேத்து, அஞ்சாவது வெள்ளிக்கிழமை, பாஸ்டரம்மாகிட்ட பேசி ஒரு புது ஏற்பாடு பண்ணேன். அவங்கவங்க குறிப்பை மட்டும் அவங்கவங்க சொல்லலாம். இன்னொருத்தர் விஷயம்னா அவங்களைக் கேட்டுட்டு வந்துதான் சொல்லணும், பேரு சொல்லாம சொல்றதும் கெடையாது. கூட்டம் பத்தே நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. மழைக்காக ஒண்ணு, ஒரு அம்மா தன் மூட்டு வலிக்காக ஒண்ணு, அவ்வளவுதான் தேறிச்சு. டீகூட வரல, டீக்காரருக்கு நாங்க எப்பவும் ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத்தான் சொல்லி வெச்சிருப்போம். எல்லாரும் என்னை மொறைச்சாங்க. மொறைச்சா மொறைக்கட்டும்.

கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு அம்மா ஏதாவது சொல்லணும்ல, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். லீதியா உன்கிட்ட சொல்றது உன்கிட்ட சொன்னது. அவ அழுதாலும் சரி, உங்களுக்குள்ள சண்டைன்னாலும் சரி, நான் நைச்சியமா கேப்பேன், என்னைப் பத்தி எனக்கே தெரியும், அப்பவும் சொல்லாத. அவளும் அவங்கம்மாகிட்ட சொல்ல வேண்டாம், அந்த ஆடு இன்னும் இருக்கு. இந்த அஞ்சு வாரமா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உனக்காகத் தனியா முட்டி போட்டுப் பார்த்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு ஜெபம் வரல. நாப்பது பேர் கேக்காம உன்னைப் பத்தி ஆண்டவர்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. காலையில என்ன சாப்பிடறன்னு தெரியாது, ஆபீஸ்ல யாரு உனக்கு எதிரின்னு தெரியாது, எதை நெனச்சுப் பயப்படறன்னு தெரியாது. என் புள்ளையை நல்லா வையுங்கன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருந்தேன்.

ஓலைக்கு நீ வரணும்னு நான் கேக்கல. கல்யாணத்தன்னைக்கே வா, லீதியா கையைப் புடிச்சுக்கினு நேரா முன் பெஞ்சுக்கு வா. நான் கேக்கறது வேற. இனிமே எப்பவாவது உனக்கு உடம்புக்கு முடியாம கெடந்து, வெளிய என் குரல் கேட்டா, செவுத்துப் பக்கம் திரும்பாத. அம்மான்னு ஒரு தடவை கூப்பிடு. நான் உள்ள வந்து உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன், கஞ்சி குடிக்கறியான்னு கேப்பேன். வேற ஒண்ணும் பேசமாட்டேன்.

அம்மா